பிளாஸ்டிக் தடை பற்றி மக்கள் கருத்தைக் கேட்பது எப்படி?

"தூக்கி எறியும் பிளாஸ்டிக்கைத் தடை செய்யலாமா?" என்று யாரை நிறுத்திக் கேட்டாலும் "கண்டிப்பா செய்யணுங்க" என்றுதான் பதில் வரும். கேட்டவரும் சந்தோஷமாக எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போவார். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு முடிவும் எடுக்க முடியாது.

2022-இல் இப்சாஸ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 28 நாடுகளில் இணையம் வழியாகக் கேட்டபோது, நான்கில் மூன்று பேர் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்கைக் கூடிய சீக்கிரம் தடை செய்யவேண்டும் என்றார்கள். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 2016 நவம்பரில், கலிபோர்னியா வாக்காளர்களிடம் கடைகளில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கான தடைச் சட்டம் இருக்கலாமா என்று வாக்குச்சீட்டிலேயே கேட்டார்கள். இருக்கலாம் என்றவர்கள் சுமார் 53 சதவீதம்தான். ஊரும் வேறு, ஆண்டும் வேறு, கேட்ட பொருளும் வேறு என்பதால் இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஆனால் பொதுப்படையாகக் கேட்கும்போது தாராளமாக வரும் ஆதரவு, ஒரு பொருளையும் ஒரு சட்டத்தையும் முன்னால் வைத்துக் கேட்கும்போது அதே அளவுக்கு வரும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

நான் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் கணக்கெடுப்பு வேலை பார்த்தவள். இப்போது அந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். கல்லூரி மாணவர்கள், குடியிருப்போர் சங்கங்கள், சின்னச் சின்னத் தன்னார்வக் குழுக்கள் என்று பலரும் "பிளாஸ்டிக் தடை பற்றி ஒரு சர்வே எடுக்கணும், கேள்வித்தாள் இருக்கா?" என்று கேட்டு வருகிறார்கள். கேள்வித்தாளை மட்டும் தூக்கிக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது. அதனால் முழுவதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

யாருக்காக இந்த சர்வே?

இதை ஒரே வாக்கியத்தில் எழுதி மேசைமேல் ஒட்டுங்கள். "தடை வருவதற்கு முன்பு எந்தப் பொருளுக்கு மாற்று ஏற்பாடு தேவை என்று உள்ளாட்சி அமைப்புக்குச் சொல்ல" என்பது ஒரு நல்ல வாக்கியம். "மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்த" என்று எழுதினால் நீங்கள் செய்யப்போவது பிரச்சாரம். பிரச்சாரம் தப்பில்லை, அதைத் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கையில் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். தடைக்கு ஆதரவு திரட்டுவதுதான் நோக்கம் என்றால் கையெழுத்து இயக்கம் நடத்துங்கள். அது நேர்மையான வழி, செலவும் குறைவு.

பொருள்களைக் கையில் எடுத்துப் போங்கள்

என்னைக் கேட்டால் கேள்வித்தாளைவிட முக்கியமானது ஒரு மாதிரிப் பை. அதில் என்ன வைப்பது? மெல்லிய கேரி பேக் ஒன்று, தடித்த கேரி பேக் ஒன்று, நான்-ஓவன் பை, ஸ்ட்ரா, பிளாஸ்டிக் கரண்டி, காகிதக் கப், தெர்மாகோல் தட்டு, ஷாம்பு சாஷே, காலித் தண்ணீர் பாட்டில், காது குடையும் பட்ஸ், ஈரத் துடைப்பான் பாக்கெட், டயப்பர். ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஏன் இந்தச் சிரமம்? "பிளாஸ்டிக்" என்று சொன்னதும் ஒருவர் மனதில் கேரி பேக் வரும், இன்னொருவருக்குத் தண்ணீர் பாட்டில், மற்றவருக்குக் குடமும் நாற்காலியும். மூன்று பேரும் "தடை செய்யணும்" என்று சொன்னால் அது ஒரே பதில் போலத் தாளில் உட்கார்ந்துவிடும். பொருளைக் காட்டிக் கேட்டால் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

அந்த நான்-ஓவன் பையைக் கொஞ்சம் பாருங்கள். தொட்டால் துணி மாதிரி இருக்கும், பார்த்தாலும் துணிதான். பெரும்பாலானோர் அதைத் துணிப்பை என்றே சொல்கிறார்கள். அதன் ஓரத்தை நகத்தால் நிமிண்டி ஒரு நூலை உருவ முயலுங்கள். வராது, ஏனென்றால் அதில் ஊடும் பாவும் கிடையாது. பாலிபுரொப்பிலீன் இழைகளைப் பரப்பிச் சூட்டில் அழுத்தி ஒட்டவைத்தது அது. மேலே தெரிகிற குட்டிக் குட்டிப் புள்ளிகள் அப்படி ஒட்டிய இடங்கள்தான். காகிதக் கப்பை ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு மறுநாள் பிய்த்துப் பாருங்கள். காகிதம் கூழாகக் கழன்று வந்துவிடும், உள்பக்கம் இருந்த மெல்லிய பிளாஸ்டிக் ஏடு மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பயிற்சியின் முதல் நாளில் எல்லோரையும் இந்த இரண்டையும் செய்ய வைப்பேன். கணக்கெடுக்கப் போகிறவருக்கே எது பிளாஸ்டிக் என்று தெரியாவிட்டால் வாசலில் போய் என்ன செய்வது?

ஆனால் இந்த வித்தையை வாசலில் காட்டக் கூடாது. பதில் சொல்பவரிடம் பையைக் கொடுத்து, "இதில் உங்களுக்குப் பிளாஸ்டிக் என்று படுவதை ஒரு பக்கம் வையுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் நான்-ஓவன் பையைத் துணிப் பக்கம் வைத்தால், வைத்தபடியே குறித்துக்கொள்ளுங்கள். திருத்தினால் அடுத்த கேள்விக்கு வருவது உங்கள் கருத்தாகிவிடும். பேட்டி முடிந்து தாளை மூடிய பிறகு அவர் விரும்பினால் விளக்குங்கள்.

இந்தப் பிரிக்கும் வேலையே பாதிச் செய்தியைத் தந்துவிடும். கேரி பேக்கைத் தடை செய்தால் நான்-ஓவன் பைக்கு மாறிக்கொள்வோம் என்று ஊரில் பாதிப்பேர் நினைக்கிறார்கள் என்றால், அந்த ஆதரவு எப்படிப்பட்டது என்று புரிகிறதல்லவா? கலிபோர்னியாவில் நடந்ததும் இதற்கு அக்கம்பக்கமான கதைதான். மெல்லிய பையைத் தடுத்த சட்டம், மறுபடி பயன்படுத்தக்கூடியது என்ற பெயரில் தடித்த பிளாஸ்டிக் பையைக் காசுக்கு விற்க இடம் விட்டது. அந்த ஓட்டையை அடைக்க 2024-இல் இன்னொரு சட்டம் போட வேண்டிவந்தது.

பொருள் பட்டியலை உங்கள் இஷ்டத்துக்குப் போடாமல், உங்கள் பகுதியில் உள்ள சட்டத்தையோ வரப்போகும் சட்டத்தையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு ஆணை 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது ஸ்ட்ரா, தட்டு, கரண்டி, பட்ஸ் குச்சி, பலூன் குச்சி போன்றவற்றைச் சந்தையிலிருந்தே விலக்கியது. ஈரத் துடைப்பானையும் சானிட்டரி நாப்கினையும் தடுக்கவில்லை. உள்ளே பிளாஸ்டிக் இருக்கிறது என்று உறைமேல் குறியிடச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டது. இந்தியாவில் 2022 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள தடையும் அப்படித்தான், பெயர் சொல்லிச் சில பொருள்களை மட்டும் பட்டியலிடுகிறது. தெர்மாகோல் அலங்காரமும் மிட்டாய்க் குச்சியும் அதில் உண்டு. தெருவெல்லாம் கிடக்கும் ஷாம்பு சாஷே அதில் இல்லை. சட்டமே பொருளுக்குப் பொருள் வேறு மாதிரி நடந்துகொள்ளும்போது, நாம் மட்டும் மொத்தமாக ஒரு கேள்வி கேட்டு முடித்துவிடலாமா?

கேள்விகளை எழுதும் விதம்

ஒவ்வொரு பொருளுக்கும் "ஆமாம் / இல்லை" என்று இரண்டு கட்டம் போட்டால் போதாது. நான் ஐந்து கட்டம் போடுவேன்: முழுத் தடை வேண்டும், தடைக்குப் பதில் தனியாகக் காசு வாங்கலாம், தயாரித்தவரே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், இப்போது இருப்பதுபோல் இருக்கட்டும், சொல்லத் தெரியவில்லை. கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள், "எல்லோரும் அதிலேயே போய் நின்றுவிடுவார்கள்" என்று பயம். நிற்கட்டும். பட்ஸ் குச்சியைப் பற்றி ஒரு மனிதருக்குக் கருத்தே இல்லாமல் இருப்பது இயல்புதான். இல்லாத கருத்தைப் பிடுங்கி எடுத்தால்தான் கணக்கு கெடும்.

கேள்வி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் பதிலை நகர்த்தும். இது ரொம்பப் பழைய பாடம். டொனால்ட் ரக் என்ற ஆய்வாளர் 1941-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையை வெளியிட்டார். ஜனநாயகத்துக்கு எதிரான மேடைப் பேச்சை "அனுமதிக்கலாமா?" என்று ஒரு பாதியினரிடமும் "தடை செய்யலாமா?" என்று இன்னொரு பாதியினரிடமும் கேட்டார்கள். அனுமதிக்கக் கூடாது என்றவர்கள் 62 சதவீதம். தடை செய்யலாம் என்றவர்களோ 46 சதவீதம். நடைமுறையில் இரண்டும் ஒன்றுதான், ஆனாலும் தடை என்றதும் மனிதர்கள் கொஞ்சம் தயங்குகிறார்கள். அதனால் கேள்வித்தாளை இரண்டு விதமாக அச்சடித்து, ஒரு வீடு விட்டு ஒரு வீடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி வந்தால், அந்தப் பொருளைப் பற்றி மக்களின் கருத்து இன்னும் கெட்டிப்படவில்லை என்று அர்த்தம்.

"ஆமாம்" என்பது எதற்கு ஆமாம் என்று குழம்பாமல் இருக்க வேண்டும். கலிபோர்னியாவின் வாக்குச்சீட்டில் பையைப் பற்றி இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்றில் ஆமாம் என்றால் தடை நீடிக்கும். இன்னொன்று, பைக்கு வாங்கும் காசு எங்கே போகவேண்டும் என்பது பற்றியது. படித்தவர்களே இரண்டு தடவை வாசித்துப் பார்க்க வேண்டிய சீட்டு அது. உங்கள் கேள்வி ஒரே மூச்சில் வாசிக்கும்படி இருக்கட்டும். "கடலையும் கால்நடைகளையும் பாழாக்கும் பிளாஸ்டிக்கைத் தடை செய்து, மாற்றுப் பொருள்களை ஊக்குவிக்க வேண்டும் என்று கருதுகிறீர்களா?" என்று ஒரு கேள்வியை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். அதற்கு "இல்லை" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அதற்குள் ஒரு பிரச்சாரமும் இரண்டு கேள்விகளும் ஒளிந்திருக்கின்றன. கேள்வித்தாளின் அட்டையில் ஆமைப் படமும் வேண்டாம்.

பழக்கத்தைக் கேட்கும்போது "வழக்கமாக" என்று கேட்காதீர்கள். "நீங்கள் வழக்கமாகத் துணிப்பை கொண்டு போவீர்களா?" என்றால் எல்லோரும் கொண்டு போகிறவர்கள்தான். "கடைசியாகக் கடைக்குப் போனபோது பொருள்களை எதில் எடுத்து வந்தீர்கள்?" என்று கேளுங்கள். ஒரே ஒரு தடவையைப் பற்றிக் கேட்டால் ஞாபகமும் இருக்கும், பெருமைக்காகச் சொல்வதும் குறையும்.

இனி நான் ரொம்ப முக்கியமாக நினைக்கும் கேள்விக்கு வருகிறேன். ஒரு பொருளுக்கு "முழுத் தடை" என்று சொன்னவரிடம் உடனே அடுத்ததாக இதைக் கேளுங்கள்: "நாளைக்கு இது கிடைக்காது என்றால் இதற்குப் பதிலாக என்ன செய்வீர்கள்?" கட்டம் போடாதீர்கள், நான்கு வரி எழுத இடம் விடுங்கள். சிலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். சிலர் "அதான் அரசாங்கம் ஏதாவது பண்ணுமே" என்பார்கள். சிலர் பொருளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இது மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே" என்று பதிலையே மாற்றிக்கொள்வார்கள். மாற்றினால் பழைய பதிலை அழிக்காமல் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். பழைய பதிலும் புதிய பதிலும் சேர்ந்தால்தான் அந்த ஆளின் கருத்து.

காசைப் பற்றிக் கேட்டால் தொகையைச் சொல்லிக் கேளுங்கள். "கொஞ்சம் அதிகமாகத் தருவீர்களா?" என்றால் அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று அவரவர் மனதில் ஒரு கணக்கு ஓடும். அயர்லாந்து 2002 மார்ச்சில் ஒரு பைக்கு 15 சென்ட் வரி போட்டது. அதற்கு முன்பு ஆளுக்கு ஆண்டுக்கு 328 பை என்று மதிப்பிடப்பட்டிருந்த பயன்பாடு 21-க்கு இறங்கியது. மறுபடி கொஞ்சம் ஏறத் தொடங்கியதும் 2007-இல் வரியை 22 சென்ட் ஆக்கினார்கள். தடை என்று ஒரு வார்த்தை சொல்லாமலே இவ்வளவும் நடந்தது. ஆகவே உங்கள் தாளில் தடைக்குப் பக்கத்தில் கட்டணத்துக்கும் சமமான இடம் கொடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் நிற்கும் பெரிய கூட்டம் கணக்கில் வராமலே போய்விடும்.

தண்டனை பற்றி ஒரு கேள்வி போதும்: மீறினால் யாருக்கு அபராதம்? தயாரிப்பவருக்கா, விற்பவருக்கா, வாங்கிப் போகிறவருக்கா? கென்யா 2017-இல் கொண்டுவந்த பைத் தடையில் நான்கு ஆண்டு வரை சிறை என்று வைத்தார்கள். "தடை வேண்டும்" என்று உரக்கச் சொன்னவர், வாங்கிப் போகிறவருக்கும் அபராதம் என்றதும் குரலைத் தாழ்த்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

யாரிடம் கேட்பது

எத்தனை பேர் என்பதில்தான் எல்லோருக்கும் கவலை. அதில் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. முறைப்படி குலுக்கி எடுத்த 100 பேரிடம் கேட்டால் கிடைக்கும் சதவீதம் பத்துப் புள்ளி இப்படியோ அப்படியோ இருக்கலாம். 400 பேர் என்றால் ஐந்து புள்ளி, 1000 பேர் என்றால் மூன்று புள்ளி. ஊர் சின்னதா பெரியதா என்பது இதில் பெரிதாக மாற்றம் செய்யாது. சாதாரணக் குழுவுக்கு 400 போதும்.

குலுக்கி எடுப்பதுதான் உயிர்நாடி. 1936-இல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதை வைத்து அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலை நம்பியதும், திருப்பி அனுப்பியவர்களின் பதிலை மட்டும் எண்ணியதும் அவர்களைக் கவிழ்த்துவிட்டன. நீங்கள் ஒரு இணையப் படிவத்தை நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டு உட்கார்ந்தாலும் அதேதான் நடக்கும்.

2018-இல் பிரிட்டன் அரசு ஸ்ட்ரா, கலக்கும் குச்சி, பட்ஸ் ஆகியவற்றைத் தடை செய்வது பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. பதில் அனுப்பியவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஸ்ட்ரா தடைக்கு ஆதரவு. ஆனால் வளையும் பிளாஸ்டிக் ஸ்ட்ரா இல்லாமல் எதையும் குடிக்க முடியாத உடல்நிலை உள்ளவர்களும் இருக்கிறார்கள். 80 சதவீதத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். நல்லவேளையாக அங்கே அவர்கள் குரல் கேட்டது. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் தடை வந்தபோது மருந்துக்கடைகளில் ஸ்ட்ரா விற்கலாம், உணவகங்களில் கேட்பவருக்குக் கொடுக்கலாம் என்று விலக்கு வைத்தார்கள். இதை நான் ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்லிவிடுவேன். 400 பேரைத் தவிரத் தனியாக ஒரு சின்னப் பட்டியல் போடுங்கள்: மாற்றுத்திறனாளிகள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்கள், கைவண்டி வியாபாரிகள், குப்பை பொறுக்குபவர்கள், துப்புரவுப் பணியாளர்கள். இவர்களிடம் சதவீதம் தேட வேண்டாம், உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பொருள் விலைபோகிறது, எது சாக்கடையை அடைக்கிறது என்று குப்பை எடுப்பவர் சொல்லும் ஒரு மணி நேரப் பேச்சு, கேள்வித்தாளில் எதைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிடும். ஆகவே அவர்களிடம் முதலில் போங்கள்.

வீட்டுக்குள் யாரிடம் கேட்பது? கதவைத் திறந்தவரிடம் என்று வைத்தால், பகலில் வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே பட்டியலில் நிறைந்துவிடுவார்கள். "உங்கள் வீட்டில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் கடைசியாக யாருக்குப் பிறந்தநாள் வந்தது?" என்று கேட்டு அவரிடம் பேசுங்கள். அவர் இல்லை என்றால் சாயங்காலம் மறுபடி போங்கள். அலுப்பான வேலைதான், குறுக்கு வழி கிடையாது.

வாசலில்

முதலில் உங்களைப் பாருங்கள். தோளில் "பிளாஸ்டிக்கை ஒழிப்போம்" என்று எழுதிய பை, கையில் பளபளக்கும் ஸ்டீல் பாட்டில் என்று போய் நின்றால், எதிரில் இருப்பவருக்கு என்ன பதில் சொன்னால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று தெரிந்துவிடும். சாதாரணப் பை, கேள்வித்தாள், மாதிரிப் பை, அடையாள அட்டை. அவ்வளவு போதும். "பிளாஸ்டிக் தடை பற்றி" என்று ஆரம்பிக்காமல் "கடையில் வாங்கும் பொருள்களைப் பற்றிச் சில கேள்விகள்" என்று ஆரம்பியுங்கள்.

நான் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லும் வீடு ஒன்று உண்டு. அந்த அம்மா கேரி பேக்கிலிருந்து ஆரம்பித்து வரிசையாக எல்லாவற்றையும் தடைப் பக்கம் தள்ளிக்கொண்டே வந்தார். ரொம்ப உற்சாகம். ஈரத் துடைப்பான் பாக்கெட்டும் டயப்பரும் வந்ததும் கை நின்றுவிட்டது. உள்ளறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "இது ரெண்டும் வேணாம்மா. மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க. துணி மாத்தி மாத்தித் துவைக்க என்னால ஆகாது" என்றார். கூட வந்த பெண் "சரி, விலக்கு" என்று ஒற்றை வார்த்தையில் எழுதப் போனாள். நான் பேனாவைப் பிடித்து நிறுத்தி, அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன். அந்த இரண்டு வாக்கியத்தில் யார் வேலை கூடுகிறது, எந்த வேலை, ஏன் என்று மூன்று செய்திகள் இருக்கின்றன. "விலக்கு" என்ற வார்த்தையில் ஒன்றுமே இல்லை.

இன்னொரு தொல்லை, உள்ளேயிருந்து வரும் குரல். மனைவி பதில் சொல்லிக்கொண்டிருப்பார், கணவர் நாற்காலியில் இருந்தபடியே திருத்துவார். சண்டை போடாதீர்கள். கூட இன்னொருவர் வந்திருந்தால் அவருக்கு ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து "ஐயா, உங்க கருத்தையும் தனியா எழுதிக்கிறோம்" என்று அந்தப் பக்கம் அனுப்பிவிடுங்கள். அந்தத் தாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தடை வந்த பிறகு கடைக்காரர்களிடம்

தடை நடப்பில் இருக்கும் இடத்தில் ஒரு கடைக்காரரிடம் போய் "நீங்கள் கேரி பேக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டால் உண்மை வராது. அபராதம் போட வந்த ஆள் என்று நினைப்பார். இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளியியலாளர் 1965-இல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது. ஒரு நாணயத்தை அவர் கையில் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் சுண்டச் சொல்லுங்கள். தலை விழுந்தால் எப்படி இருந்தாலும் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும், பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் "ஆமாம்" என்றால் நாணயத்துக்காகச் சொன்னாரா, உண்மைக்காகச் சொன்னாரா என்று உங்களுக்குத் தெரியாது. அவருக்கும் பயமில்லை.

கணக்கு எளிது. நூறு கடையில் 70 ஆமாம் வந்தால் அதில் ஏறக்குறைய 50 நாணயத்தின் ஆமாம். மிச்சம் 50 கடை உண்மையைச் சொன்னவை. அதில் 20 பேர் ஆமாம் என்றிருக்கிறார்கள். ஆக, சுமார் 40 சதவீதக் கடைகளில் பை கொடுக்கிறார்கள். ஒரே குறை, பாதிப் பதில்கள் நாணயத்துக்குப் போய்விடுவதால் துல்லியம் குறையும். அதனால் கடைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வங்கதேசம் 2002-இலேயே மெல்லிய பாலித்தீன் பையைத் தடை செய்தது. உலகத்தில் முதலில் செய்த நாடு அது. பைகள் மறுபடி புழக்கத்துக்கு வந்துவிட்டன, 2024-இல் அங்காடிகளில் தடையைத் திரும்பவும் அமல்படுத்தத் தொடங்க வேண்டிவந்தது. தாளில் உள்ள தடைக்கும் கடையில் உள்ள பைக்கும் இவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதால்தான் இந்த நாணயச் சுற்று.

எண்ணி எழுதும்போது

பொருள்களின் சதவீதத்தை எல்லாம் கூட்டி வகுத்து "மொத்த ஆதரவு" என்று ஒரு எண் தயாரிக்காதீர்கள். கேரி பேக்கும் டயப்பரும் சேர்ந்து சராசரி ஆகாது. ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று எண்களை அடுத்தடுத்து எழுதுங்கள்: பொதுவாகத் தடை வேண்டும் என்றவர்கள் எத்தனை பேர், இந்தப் பொருளைக் கையில் கொடுத்த பிறகும் தடை வேண்டும் என்றவர்கள் எத்தனை பேர், அவர்களில் அதற்குப் பதிலாக என்ன செய்வோம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல முடிந்தவர்கள் எத்தனை பேர். முதல் எண் எப்போதும் பெரிதாக இருக்கும், செய்தித்தாளுக்கு அதுதான் பிடிக்கும். மூன்றாவது எண்ணைத்தான் நான் ஆதரவு என்று எடுத்துக்கொள்வேன். முதலுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் விழுகிறவர்கள் எதிர்ப்பாளர்கள் என்று எழுதிவிடாதீர்கள். மாற்று கையில் கிடைத்தால் இந்தப் பக்கம் வந்துவிடக்கூடியவர்கள் அவர்கள்.

"சொல்லத் தெரியவில்லை" என்றவர்களைக் கழித்துவிட்டுச் சதவீதம் போட்டால் அதை அங்கேயே சொல்லுங்கள். மேலே சொன்ன 1941 சோதனையிலேயே, கருத்துச் சொல்லாதவர்களைக் கழித்தால் 62 என்பது 75 ஆகிவிடும். பதில் தர மறுத்த வீடுகள் எத்தனை என்பதையும் எழுதுங்கள். வயது, வருமானம், ஆண், பெண் என்று பிரித்துப் பார்க்கும்போது ஒரு பிரிவில் முப்பது நாற்பது பேர்தான் இருந்தால் சதவீதம் வேண்டாம், ஆள் எண்ணிக்கையையே எழுதிவிடுங்கள்.

தடை வந்த பிறகு இன்னொரு சுற்றுப் போவதாக இருந்தால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். அதே கேள்வி, அதே வரிசை, அதே மாதிரிப் பை. முதல் சுற்றில் ஒரு கேள்வி மோசமாக அமைந்துவிட்டது என்று தெரிந்தாலும் அதைத் தொடாமல், திருத்திய கேள்வியைக் கடைசியில் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்கரைத் துப்புரவு முகாம் நடந்த வாரத்திலும், திமிங்கலத்தின் வயிற்றில் பை கிடைத்தது என்ற செய்தி ஓடும் வாரத்திலும் போகாதீர்கள். அபராத வேட்டை நடக்கும் வாரத்தையும் தவிருங்கள். தேதியை ஒன்றிரண்டு வாரம் தள்ளிவைத்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.